ஊர் அச்சிடாத கம்பெனி

விழுப்புரம்
8-7-1962

அருகன் துணை.

சௌபாக்கியவதி சாந்தாமணிக்கு உன் புருஷன் எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். நீயும் வயிற்றில் இருப்பதும் சுகந்தானா என்று எழுதவும்.

உன்னைத் தலைப்பிரசவத்துக்காகத் திண்டிவனத்தில் உன் அப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்து இன்றோடு பதினெட்டு நாள். ஒரு கார்டுகூடப் போடவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். எனக்கும் கோபம் இருக்கிறது. அன்றைக்குப் பந்தியில் உன் தம்பி ஜினசந்திரன் எல்லார் எதிரிலும் என்ன கேட்டான்? "மாமா ஒரு நாளு ரங்கூனுன்றாரு, ஒரு நாளு பெனாங்குன்றாரு. பொறக்கப்போற புள்ள எந்த ஊருன்னு யாராச்சும் கேட்டா நாங்க இன்னா சொல்றது?" உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அது போகட்டும். நீயும் சிரித்தாய். தலையைக் குனிந்துகொண்டாலும் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அண்ணன்மார் இரண்டு பேரும் மல்லாட்டைக் கடலை மண்டியிலிருந்து என்னைப் பிரித்து அனுப்பிய பிறகு, விழுப்புரத்தில் அவர்கள் கண்ணெதிரே இன்னொரு மண்டி போட எனக்கு மனம் வரவில்லை. கடல் தாண்டிப் போய், எண்ணெயும் பிண்ணாக்கும் தருவித்து விற்கிற கம்பெனி ஒன்று சொந்தமாக வைக்க வேண்டும், உன்னையும் குழந்தையையும் அங்கே கூட்டிப்போய்க் குடித்தனம் வைக்க வேண்டும். இதிலே சிரிக்க என்ன இருக்கிறது? எந்த நாடு என்பதுதான் பாக்கி. தினமும் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்கிறேன். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கினவர்கள், சிலோனிலிருந்து தனுஷ்கோடி வழியாக வருகிறவர்கள், பாண்டிச்சேரிக்கு வண்டி மாறுகிறவர்கள், எல்லாரும் இங்கே டீ குடிக்காமல் போவதில்லை. கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

இப்போது ஒரு முக்கிய விஷயம். பாண்டிச்சேரி கூடிய சீக்கிரம் சட்டப்படியும் நம் நாட்டோடு சேர்ந்துவிடுமாம். அதற்குள் அங்கே பிறக்கிற குழந்தை பிரெஞ்சுப் பிரஜை ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னார். இல்லை, தகப்பன் பிரெஞ்சுப் பிரஜையாக இருந்தால்தான் ஆகும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று பிரசவத்தைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாமா? உன் அப்பாவிடம் பக்குவமாகக் கேட்டு எழுதவும்.

இப்படிக்கு,
பத்மராஜ்


திண்டிவனம்
13-7-1962

மதிப்புக்குரிய அத்தானுக்கு சாந்தாமணி வணக்கமாய் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. அப்பாவிடம் பக்குவமாகத்தான் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்காமல், மருமகனுக்கு எந்தக் கொடி பிடிக்கும் என்று பார்த்தா பார்ப்பது என்று அம்மா கேட்கிறாள். எனக்கும் ஒன்று தோன்றுகிறது. வலி கண்ட பிறகு பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றினால் கிளியனூர் தாண்டுவதற்குள் பிறந்துவிடும். கிளியனூர்ப் பிரஜை என்று உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவனைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. நம் வீட்டில் கோழிப் பேச்சு ஆகாது, அதனால் சொல்லாமல் விடுகிறேன்.

நான் சிரித்தது தப்புதான். ஆனால் ஜினசந்திரன் சொன்னதற்காகச் சிரிக்கவில்லை. அவன் பெனாங்கு என்று சொன்ன அதே நேரத்தில் நீங்கள் வாய் நிறையச் சோற்றோடு "சைகோன்" என்று திருத்தினீர்கள். அதற்குத்தான் சிரிப்பு வந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் பேசாமல் இருப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் வாயில் துணியை அடைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கே கூப்பிட்டாலும் நான் வருவேன். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். நீங்கள் சொல்லுகிற நாட்டில் நம் சமண வழக்கப்படி இரவு உண்ணாமல், பொழுது சாயுமுன் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? உடம்பு வேறு கனத்துவிட்டது. உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஜினசந்திரனை அன்றைக்கு மேல்மலையனூருக்கோ வேறெங்கோ அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சாந்தாமணி


விழுப்புரம்
2-8-1962

அருகன் துணை.

சாந்தாமணிக்கு எழுதிக்கொண்டது. ஞாயிறு வர முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. இத்தனை நாள் நோட்டில் அது இல்லாமல் போனது என் தப்பு. இப்போது எல்லாரிடமும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். பெனாங்கில் வருஷம் முழுக்க ஏழு மணி சுமாருக்குப் பொழுது சாயுமாம். கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை. இது நமக்கு மிகவும் ஏற்றது என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். அப்புறம் பாண்டிச்சேரி தேவசகாயம் என்பவரைப் பார்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் சொன்னது என்னைக் குழப்பிவிட்டது. "பாரீசுல வெயில் காலத்துல ராத்திரி ஒம்போது மணிக்குத்தாங்க சூரியன் உள்ள போவும். குளுரு காலத்துல அஞ்சு மணிக்கே இருட்டிக்கினு வந்துரும்" என்கிறார். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டாலும் அது பகல் சாப்பாடுதானா? ஐந்து மணிக்குக் கடையை மூடிவிட்டு வருகிறவன் சாப்பிடாமலே படுக்க வேண்டியதுதானா? இதற்கு விதி உண்டா என்று உங்கள் ஊர்க் கோயிலில் பூசை செய்கிற உபாத்தியாயரைக் கேட்டு எழுதவும்.

ரங்கூனில் இருபது வருஷம் டீக்கடை வைத்திருந்த கண்ணையன் என்பவர், கூட்டேரிப்பட்டுக்காரர், குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டார். "பட்டாளத்துக்காரன் வந்து குந்திக்கினாங்க. எதத் தொட்டாலும் பேஜாரு. ஜல்தியா வந்துட்டதால பொழைச்சேன்" என்றார். ரங்கூனை அடித்துவிட்டேன். டீ குடித்து முடித்தவர், "ஆனா அந்த ஊரு அரிசி மாதிரி வருமாங்க, அந்த சனம் மாதிரி வருமாங்க, எல்லாம் சரியாயிட்டா நாளைக்கே திரும்பிப் போயிடுவேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் எழுதிக்கொண்டேன்.

சிலோனில் வருஷா வருஷம் பர்மிட். மலேயாவில் இறங்குவதற்கே பர்மிட். இங்கிலாந்துக்கு இந்த ஜூலையிலிருந்து சீட்டு வாங்க வேண்டுமாம். சைகோனில் வியாபாரம் பிரமாதம் என்று ஒருவர், சண்டை பிரமாதம் என்று ஒருவர்.

இந்தத் தாளின் தலைப்பில் அச்சு எப்படி இருக்கிறது? "பத்மராஜ் அண்டு கம்பெனி, எண்ணெய் பிண்ணாக்கு வியாபாரம்" என்று நூறு தாள் அடித்துவிட்டேன். காகிதம் இருந்தால்தான் கப்பல் ஏஜெண்டுகள் பதில் போடுகிறார்கள். ஊர்ப் பெயருக்காகக் கமாவுக்குப் பிறகு இடம் விட்டிருக்கிறது. தீர்மானமானதும் ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கொள்ளலாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பத்மராஜ்


திண்டிவனம்
24-8-1962

அத்தானுக்கு,

போன திங்கட்கிழமை காலை பெண் குழந்தை பிறந்தது. தந்தி கிடைத்திருக்கும். இரண்டு நாள் வலி. மிஷன் ஆஸ்பத்திரி நர்சு இருதயமேரி வீட்டுக்கே வந்து கூட இருந்தாள். அவள் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

குழந்தை உங்கள் நிறம். காதும் உங்களுடையதுதான், சற்றே வெளியே நிற்கிறது.

தந்தி கொடுத்த அன்று மாலை வண்டிக்கு ஜினசந்திரன் ஸ்டேஷனுக்குப் போய் நின்றான். மறுநாளும் போனான். மூன்றாம் நாள் நான்தான் போகவேண்டாம் என்றேன்.

என்ன காரணம் என்று தெரிந்தால் ஊராருக்குச் சொல்லலாம். எனக்கே தெரியவில்லை.

சாந்தாமணி


விழுப்புரம்
29-8-1962

அருகன் துணை.

சாந்தாமணிக்கு,

தந்தி வந்தது. படித்துவிட்டுக் கடைத்தெருவில் நின்று அழுதேன். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தேன். ஸ்டேஷனுக்கு ஓடி டிக்கெட்டும் வாங்கினேன். வண்டியும் வந்தது. நான் ஏறவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

அன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து கிளம்பினவன் நேரே ஊருக்கு வரவில்லை. மேல்சித்தாமூருக்குப் போனேன். பார்சுவநாதர் சன்னதியில் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நியமம் எடுத்தேன். "எந்த நாடு என்று தீர்மானமாகும்வரை மாமனார் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை." இதுதான் வார்த்தை. நியமம் எடுக்கிறவர்கள் இத்தனை நாள், இத்தனை மாதம் என்று எல்லை சொல்லித்தான் எடுப்பார்கள். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோபத்தில் எல்லை சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வாரத்தில் தீர்மானமாகிவிடும் என்றுதான் நினைத்தேன் சாந்தா. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க எத்தனை நாள் ஆகும்?

நான் பொய்யாக ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு வரலாம். அருகன் எதிரில் எடுத்ததை அப்படி ஏமாற்ற எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையாகவே தீர்மானிக்கலாம் என்று தந்தி வந்த இரவு நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன். பெனாங்கு என்று சொல்ல வாயெடுத்தால் கொழும்பு பக்கமாயிற்றே, நினைத்தால் ஊர் வந்து போகலாமே என்று தோன்றுகிறது. கொழும்பு என்றால் பர்மிட் ஞாபகம் வருகிறது. முன்பாவது நம் இரண்டு பேர் கதை. இப்போது ஒரு குழந்தையின் தலையெழுத்தை நான் எழுத வேண்டும். தப்பான நாட்டைச் சொல்லிவிட்டால் அவள் என்னை மன்னிப்பாளா?

குழந்தையைப் பற்றி இன்னும் எழுது. காது வெளியே நிற்பது போதாது.

பத்மராஜ்


திண்டிவனம்
22-9-1962

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கிழித்துப் போடலாம் என்று இருந்தது. எறும்பு ஊர்ந்தால் நின்று வழிவிட்டுப் போகிறவர் நீங்கள். பெற்று ஒரு மாதம் ஆனவளை இப்படி மிதித்துக்கொண்டு போவதற்கு மட்டும் எந்தச் சன்னதியில் உத்தரவு கிடைத்தது?

உபாத்தியாயர் குழந்தைக்குப் பெயர் வைக்க வந்தார். ஜினமதி என்று வைத்திருக்கிறது. உங்களைக் கேட்டு வைக்க நினைத்தேன். கேட்டால் பதினைந்து பெயரை எழுதி அனுப்பி, எது என்று என்னையே கேட்பீர்கள். வந்தவரிடம் உங்கள் நியமத்தைச் சொன்னேன். விட்டுவிட வழி உண்டா என்று கேட்டேன். அவர், "எடுத்தது எடுத்ததுதாம்மா. எல்லை சொல்லாதது அவரு தப்பு. ஆனா இன்னா வார்த்தை சொல்லி எடுத்தாரோ அதுக்கு மேல ஒண்ணும் கட்டாது" என்றார். அப்பாவும் ஜினசந்திரனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஜினசந்திரன் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டான். அன்றைக்குக் கேலி பேசியதற்கு அவன் அழுதான் என்று அம்மா சொன்னாள்.

வாசற்படி வேண்டாம். ஐந்தாம் மாதம் குழந்தையைக் கோயிலுக்கு எடுத்துப் போவோம். அங்கே வந்து பாருங்களேன்.

இங்கே வருகிற பெண்டுகள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுக் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "அவரு இன்னும் வரலியா?" முன்பெல்லாம் வேலை என்று சொன்னேன். இப்போது ரங்கூன் போயிருக்கிறார் என்று சொல்கிறேன். எந்த நாட்டுக்கும் போகாமலே நீங்கள் வெளிநாட்டுக்காரர் ஆகிவிட்டீர்கள்.

சாந்தாமணி


விழுப்புரம்
14-11-1962

சாந்தாமணிக்கு,

வடக்கே சீனாவோடு சண்டை நடப்பது அங்கேயும் பேச்சாக இருக்கும். ஸ்டேஷனில் பட்டாளத்துக்காரர்கள் போகிற ஸ்பெஷல் வண்டிகள். பெண்கள் வளையலைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுக்கிறார்கள். நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வெளிநாட்டைப் பற்றி விசாரித்தால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். மூன்று நாள் முன்பு ஒரு ரயில்வே சிப்பந்தி, "இன்னா சார், ஊரு தீப்புடிச்சிக்கினு எரியுது, நீங்க ஓடிப்போறதுக்கு வழி கேட்டுக்கினு இருக்கீங்க" என்றார். ஓடிப்போகிறவன்தானா நான்? மூன்று நாளாக இதே நினைப்பு. இந்த நேரத்தில் நாட்டை விட்டுப் போவது துரோகம்போல் இருக்கிறது. இங்கேயே இருந்துவிடலாம் என்றால், அதுவும் ஒரு தீர்மானம்தானே, நியமம் நிறைவேறியதாக எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டையைக்கூட மாட்டிக்கொண்டேன். அதற்குள் பெனாங்கிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் பதில் போட்டிருந்தார். கூட்டுச் சேரத் தயார், ஜனவரி முடிவதற்குள் சொல்ல வேண்டும் என்று. சட்டையைக் கழற்றிவிட்டேன்.

கோயிலில் வந்து பார்க்கச் சொன்னாய். ஒளிக்காமல் எழுதுகிறேன். நியமம் பாதி, வெட்கம் பாதி. நாலு பேர் எதிரில் நாட்டைத் தீர்மானிக்க முடியாதவன் என்று பெயர் வாங்கினவன், கையில் ஒரு நாடு இல்லாமல் குழந்தை எதிரில் எப்படி வந்து நிற்பது? அவளுக்கு ஒன்றும் தெரியாதுதான். உனக்குத் தெரியுமே.

அடுத்த மாதத்திலிருந்து பாஸ்போர்ட் விஷயமாக மாதம் ஒரு தரம் மதராசுக்குப் போய்வர வேண்டியிருக்கும். பொங்கல் கழிந்து ஜனவரி பதினெட்டாம் தேதி கட்டாயம் போகிறேன். காலைப் பாசஞ்சரில்தான் போவேன், கடைசிப் பெட்டி, எனக்குக் கூட்டம் ஆகாது. திண்டிவனத்தில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி பத்து நிமிஷம் நிற்கும். அந்தப் பத்து நிமிஷமும் உங்கள் வீட்டுத் திசையைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

பத்மராஜ்


திண்டிவனம்
3-12-1962

அத்தானுக்கு,

நினைத்துப் பார்த்தேன். உங்களுக்குப் பத்து நிமிஷம். எனக்கு ஆறு மாதம்.

ஜினமதி குப்புற விழுந்தாள். குரல் கேட்டால் திரும்புகிறாள். நான் நலம். இனிமேல் அடிக்கடி எழுத நேரம் இருக்காது, எனக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

சாந்தாமணி


விழுப்புரம்
20-1-1963

அருகன் துணை.

சாந்தாமணிக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் போட்ட இரண்டுக்கும் பதில் இல்லை. என்ன வேலை உனக்கு? உடம்பு சரியில்லையா? உன் அப்பா ஏதாவது சொன்னாரா? என்னென்னவோ தோன்றுகிறது.

பதினெட்டாம் தேதி மதராஸ் போனேன். போன காரியம் ஆகவில்லை, அது கிடக்கட்டும். திண்டிவனத்தில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

வண்டி நின்றதும் நான் வழக்கம்போல் இந்தப் பக்கம் பார்க்காமல் மறுபக்க ஜன்னலுக்கு மாறி உட்காரப் போனேன். அதற்குள் ஒரு அம்மாள், வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை, கையில் குழந்தை, ஜன்னல் அருகே வந்து, "சார், கொஞ்சம் புள்ளயப் புடிங்க. தண்ணி புடிச்சிக்கினு வந்துர்றேன்" என்று என் பதிலுக்குக் காத்திராமல் குழந்தையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் குழந்தை தூக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். முட்டுக்கொடுத்த மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அழும் என்று நினைத்தேன். அழவில்லை. என்னையே பார்த்தது. பிறகு கையை நீட்டி என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துவிட்டது. அது இல்லாமல் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது. மங்கலாக ஒரு முகம், பல் இல்லாத வாய், சிரிக்கிறது என்று மட்டும் தெரிந்தது. வெந்நீரில் குளிப்பாட்டிய வாசனை.

அந்த அம்மாள் வந்ததும் கொடுத்துவிட்டேன். பெயர் என்ன என்று கேட்டேன். "பாப்பான்னுதான் கூப்புடுறோம் சார்" என்றார். என்ன வயது என்றேன். அஞ்சு மாசம் என்றார். நம் ஜினமதிக்கும் அதே வயது. இப்படித்தான் இருப்பாள், இவ்வளவு கனம்தான் இருப்பாள் என்று கை சொல்லிற்று. வண்டி புறப்பட்டதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பெனாங்குக்காரருக்கு இன்னும் பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் முதலில் நான் தனியாகத்தான் போக வேண்டுமாம், குடும்பத்துக்குப் பர்மிட் கிடைக்க ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகலாமாம். நேற்று முன்தினம்வரை இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இப்போது இரண்டு வருஷத்தை அந்தக் குழந்தையின் கனத்தோடு சேர்த்துச் சேர்த்துப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை சாந்தா. நீயாவது ஏதாவது சொல்.

பத்மராஜ்


திண்டிவனம்
25-1-1963

அத்தானுக்கு,

அது நம் குழந்தை.

அந்த அம்மாள்தான் இருதயமேரி. பிரசவத்தின்போது கூட இருந்தவள். நீங்கள் அவளைப் பார்த்ததில்லை, அதனால் அவளை அனுப்பினேன். தேதியும் பெட்டியும் நீங்களே எழுதியிருந்தீர்கள். நான் பார்சல் ஆபீஸ் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடியைப் பிடுங்கியதை நானும் பார்த்தேன். மூச்சுக்கூட விடாமல் நீங்கள் அவளைப் பிடித்திருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. காதைக்கூடப் பார்க்கவில்லையே இந்த மனிதர் என்று ஆத்திரமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். குடி மாறுகிற வேலை. இருதயமேரி வீட்டின் பின்கட்டு காலியாக இருந்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், இரண்டு அறை, தனி அடுப்பு. என் கல்யாணத்துக்குக் கொடுத்த தையல் மிஷினை எடுத்துக்கொண்டு தை பிறந்ததும் இங்கே வந்துவிட்டேன். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் ஒரு வண்டி விறகு அனுப்பினார். ஜினசந்திரன்தான் ஓட்டிவந்து அடுக்கிக் கொடுத்தான். "மாமா வந்தா நான் இன்னா சொல்லணும்னு சொல்லிக்குடுக்கா" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைக்கிறேன். கிணறு பொதுதான், தண்ணீரைத் துணியில் வடிகட்டி எடுக்கிறேன். அவர்கள் மீன் சமைக்கிற நாளில் எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள். முதல் வாரம் வாசனை பொறுக்க முடியவில்லை, இப்போது பழகிவிட்டது. பெனாங்கு போனாலும் இதைத்தானே பழக வேண்டும்? புது வீடு, புது மனிதர்கள், நம் பழக்கத்தைக் கேலி செய்யாத ஒரு பக்கத்துவீடு. நீங்கள் ஏழு மாதமாக விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் குடும்பத்தை எடுத்துக்கொண்டு வந்தே விட்டேன், ஒரு மைல்தான் என்றாலும்.

உபாத்தியாயர் சொன்னதை மறுபடியும் எழுதுகிறேன். சொன்ன வார்த்தைக்கு மேல் நியமம் கட்டாது. மாமனார் வீட்டு வாசற்படி என்றுதானே சொன்னீர்கள். இது மாமனார் வீடு இல்லை. வாடகை நான் கொடுக்கிறேன். இந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று உங்களுக்கு எந்த நியமமும் இல்லை. வெட்கம் பாதி என்று எழுதினீர்களே, அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அதை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

எந்த நாடு என்று நான் கேட்கமாட்டேன். ஜினமதியும் கேட்கமாட்டாள். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தனியாகப் பெனாங்குக்குப் போவதானால் போங்கள், தடுக்கமாட்டேன். திரும்பி வரும்போது அவளுக்கு மூன்று வயது இருக்கும். அப்போது யாராவது அவளை உங்கள் கையில் கொடுத்தால் சும்மா இருக்கமாட்டாள், அழுவாள்.

சாந்தாமணி


விழுப்புரம் ஜங்ஷன்
29-1-1963

சாந்தாவுக்கு,

கடிதம் நேற்று மாலை கிடைத்தது. இரவு முழுக்கக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏந்திக்கொண்டிருந்தது என் குழந்தையை, எனக்குத் தெரியவில்லை. என்னைப்போல் ஒரு முட்டாள் எந்த நாட்டில் இருப்பான்?

பெனாங்குக்காரருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வேண்டாம் என்றும் எழுதவில்லை, சரி என்றும் எழுதவில்லை. கொழும்பா, இங்கேயே மண்டியா, ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வருகிறேன் என்று இனி சொல்லமாட்டேன். ஜினசந்திரன் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அவன் சிரித்தால் சிரிக்கட்டும்.

வெட்கம் போகவில்லை. அதோடுதான் வருகிறேன்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கார்டை எழுதுகிறேன். பாசஞ்சருக்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. பெட்டியில் போட்டுவிட்டு ஏறிவிடுவேன். இது நாளைக்கோ நாளை மறுநாளோதான் அங்கே வந்து சேரும். தபால்காரர் கொண்டுவரும்போது நீ மிஷினை விட்டு எழுந்திருக்க வேண்டாம், நான் வாங்கிக்கொள்கிறேன்.

பத்மராஜ்